சைக்கிள் தானே, என்ன செலவு எண்டு இனி ஆரும் என்னட்டக் கேக்காதேங்கோ

ஒரு கிழமையா உள்ளுக்குள்ள புழுங்கினதை இண்டைக்குக் கொட்டாட்டி எனக்கு விசர் பிடிச்சிடும். எங்கட அப்பா சாம்பல்தீவில இருந்து திருகோணமலை டவுணுக்கு லுமாலா சைக்கிளிலதான் வேலைக்குப் போய் வந்தவர், எத்தினையோ வருசம், ரெண்டு ஒட்டு, எப்பவாவது ஒரு ரயர், செயினுக்குக் கொஞ்சம் தேங்காயெண்ணை, அவ்வளவுதான் அவருக்குச் செலவு. நானும் அந்தக் கணக்கை நம்பித்தான் தூர ஓட்டத்துக்கு எண்டு ஒரு ரோட் பைக் எடுத்தன்.

பழசுதான், கொழும்பில ஒரு கடையில, ஒண்டே முக்கால் லட்சம். அந்தக் காசில எனக்குக் கவலை இல்ல, தெரிஞ்சு குடுத்த காசு. வயித்தெரிச்சல் எல்லாம் அதுக்குப் பிறகு போன காசிலதான். விக்கேக்க கடைக்காரன் ஷிமானோ கியர் எண்டுறான், கார்பன் ஃபோர்க் எண்டுறான், ஒரு விரலால தூக்கிக் காட்டுறான். இதுக்குப் போடுற ரியூப் உங்கட ஊரில கிடைக்காது தம்பி எண்டு ஒரு வசனம் அவன்ர வாயில வரேல்ல!

போன ஞாயிறு விடிய வெள்ளன உவர்மலையால வெளிக்கிட்டு நிலாவெளி, கும்புறுப்பிட்டி எல்லாம் தாண்டி குச்சவெளிக்குக் கிட்டப் போகேக்க பின் ரயர் இறங்கிட்டுது. கையில இருந்த ரியூபை மாத்தி, காஸ் குப்பியால காத்தடிச்சு ஏறினன், ரெண்டு கிலோமீற்றர் போகேல்ல அதுவும் போச்சு, ரயருக்குள்ள மயிர் மாதிரி ஒரு கம்பித்துண்டு நிண்டிருக்கு. குப்பி ஒருக்கா அடிச்சா முடிஞ்சுது, கைப்பம்ப் பாரம், இதுதான் லேசு எண்டு தலையில கட்டினதும் அதே கடைதான்.

உருட்டிக்கொண்டு போய் ரோட்டோரம் ஒரு சைக்கிள் கடை நானாட்ட நிண்டன். மனுசன் தொழில்காரன், தண்ணிச் சட்டிக்குள்ள ரியூபை அமத்தி ஓட்டையைக் கண்டுபிடிச்சு, உரஞ்சி, சொலூசன் பூசி ஒட்டித் தந்திட்டார். ஆனா காத்தடிக்க ஏலாது. எங்கட ஊர்ச் சைக்கிள் வால்கட்டை, அதுதான் காத்தடிக்கிற வாய், தடிப்பு, என்ர ரியூபில இருக்கிறது பிரெஸ்டா, ஒல்லியா, நுனியில ஒரு குட்டி நட்டு, அந்த நட்டைத் தளர்த்தினாத்தான் காத்து உள்ள போகும், நானான்ர பம்ப் வாய் அதில பிடிக்கவே இல்ல, துணி சுத்தி விரலால பொத்திப் பொத்தி அடிச்சும் பாத்தார். சரி புது ரியூப் போடுவம் எண்டு 28 இஞ்சி ஒண்டை எடுத்தா அதின்ர வால்கட்டை ரிம் ஓட்டைக்குள்ள இறங்காது, என்ர ரிம்மில ஓட்டை ஆறரை மில்லிமீற்றர்தான், அதுக்கு எட்டுக்கு மேல வேணும். "துளைச்சு விடவா தம்பி" எண்டு கேட்டார். நல்ல மனசோட கேட்டவர், எனக்கு அழுகை வந்திட்டுது.

விரல் நுனியளவு பித்தளை அடப்டர் ஒண்டு இருக்கு, அதை மேல முறுக்கினா மோட்டார்சைக்கிள் பம்பாலயே அடிக்கலாம், நானாட்ட அந்தப் பம்ப் இருந்தது! அந்தத் துண்டு இல்லாமத்தான் மீன் ஏத்தின பட்டா லொறியில சைக்கிளைப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தன். பிறகு கொழும்பில இருந்து எடுப்பிச்சன், அடப்டர் 250 ரூபா, கூரியர் 500. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் எண்டு பழசுகள் சும்மாவா சொன்னவை.

இது ரியூப் கதை மட்டும்தான். பஞ்சு வச்ச கால்சட்டை இல்லாம நாப்பது கிலோமீற்றருக்கு மேல சீற்றில இருக்கேலாது, ஹெல்மெற் வேணும், சப்பாத்தும் பெடலும் வேற. செயினை எண்ணை பூசாம ரெண்டு நாள் விட்டா கடல் உப்புக் காத்துக்குத் துரு ஏறிடும், தேய்ஞ்சதைப் பாக்காம ஓடினா பின்னால இருக்கிற கியர்ப் பல்லையும் தின்னும், பிறகு ரெண்டையும் மாத்து. 11 கியர் செயின் மெல்லிசு, ஊர்க்கடையில தொங்குறது எதுவும் அதுக்குப் பொருந்தாது. 2022 இல டொலர் 200 இல இருந்து 360க்குப் போகேக்க ஏத்தின விலை, டொலர் இறங்கின பிறகும் இறங்கினதை நான் காணேல்ல.

லைற் வேற. 200 கிலோமீற்றர் பிரவே, அதுதான் குறிச்ச நேரத்துக்குள்ள ஓடி முடிக்கிற தூர ஓட்டம், அதுக்குப் பதின்மூண்டரை மணித்தியாலம் தருவினம், என்னை மாதிரி ஆக்களுக்கு இருட்டுப்பட்டுத்தான் முடியும், முன்னுக்கும் பின்னுக்கும் லைற் கட்டாயம், வெளிச்சம் பட்டா மினுங்குற சட்டையும் வேணும். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போனா யானை நிக்கும், அங்க மலிவு லைற்றை நம்பி ஆர் போறது?

ஆனா விடமாட்டன். கிண்ணியாப் பாலத்தில விடியக்காலம் ஏறேக்க ரெண்டு பக்கமும் தண்ணி, கச்சான் காத்து பக்கவாட்டில தள்ளும், ஹாண்டிலை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு மிதிக்கேக்க இருக்கிற அந்தச் சந்தோசம் எனக்கு வேற எதிலயும் இல்ல. கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரையால மட்டக்களப்புக்கு 130 கிலோமீற்றர் மட்டில வரும், அதை ஒரே மூச்சில ஓடவேணும் எண்டுதான் இவ்வளவும்.

டவுணில சைக்கிள் கடை வச்சிருக்கிற அண்ணன்மார் ஆரும் இதைப் பாத்தா, தயவுசெய்து 700க்கு 25, 28 எண்டுற அளவு ரியூபில பத்து எடுத்து வையுங்கோ, அந்தப் பித்தளை அடப்டரும் ஒரு கைபிடி. முதல் ஆளா நான் வாறன், முழுக்காசு குடுத்து வாங்குறன். குச்சவெளி நானாவுக்கும் ரெண்டு அடப்டர் குடுக்கவேணும், அண்டைக்கு ஒட்டுப் போட்டதுக்கு ஒரு சதமும் வாங்கேல்ல அவர்.