லேபிளில் இல்லாததை யார் தேடுவது?

பி.பார்ம் முடித்த பிள்ளைகள் "சார், எம்.பார்மில் அனாலிசிஸ் எடுக்கலாமா?" என்று நிறையக் கேட்கிறார்கள். பார்மசி முதுநிலைப் படிப்பில் மருந்தைச் சோதித்துப் பார்க்கும் பிரிவு அது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம். தாராளமாக எடுங்கள் என்றுதான் சொல்கிறேன். மருந்துக் கம்பெனியின் கியூ.சி. (தரக் கட்டுப்பாட்டு) லேபில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்து பாடம் எடுப்பவன் நான். இந்தப் படிப்பின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அதனால்தான் இதை நாம் நடத்துகிற விதம் பற்றி வாய்மூடி இருக்க முடியவில்லை.

எந்தப் பார்மசி கல்லூரி நூலகத்திலும் எம்.பார்ம் ஆய்வேடுகள் இருக்கும் அலமாரியைப் பாருங்கள். அனாலிசிஸ் பிரிவில் முக்கால்வாசி ஒரே அச்சு. இரண்டு மருந்து சேர்ந்த ஒரு மாத்திரை, அந்த இரண்டையும் ஹெச்.பி.எல்.சி.யில் (கலவையைத் திரவ ஓட்டத்தில் பிரித்து அளக்கும் கருவி) ஒரே ஓட்டத்தில் அளக்க ஒரு முறை, பிறகு ஐ.சி.ஹெச். என்ற சர்வதேச அமைப்பின் விதிப்படி வேலிடேஷன், அதாவது அந்த முறை நம்பத்தக்கதா என்ற சரிபார்ப்பு. வரைபடம் ஏறக்குறைய நேர்கோடு (0.999), துல்லியம் சரி, போட்ட மருந்து திரும்பக் கிடைக்கும் அளவான மீட்பும் சரி, முடிந்தது. அடுத்த வருடம் வருகிறவர் கரைப்பானின் விகிதத்தைக் கொஞ்சம் மாற்றி அதையே மறுபடி செய்கிறார்.

கையும் கண்ணும் பழக அந்தப் பயிற்சி கட்டாயம் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் லேபிளில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் அளக்கப் பழகிய பிள்ளை, லேபிளில் எழுதாதது உள்ளே இருந்தால் எப்படிக் கண்டுபிடிக்கும்?

2025இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நம் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழ்நாட்டு அரசு ஆய்வகம் சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்தான். அந்தச் சிரப்பின் லேபிளில் இருந்தவை பாராசிட்டமால், பினைல்எப்ரின், குளோர்பெனிரமின். இந்த மூன்றையும் ஹெச்.பி.எல்.சி.யில் ஒன்றாக அளக்கும் முறை நம் ஆய்வேடுகளுக்குப் புதிதல்ல. அந்த முறையில் அந்த சிரப்பைப் போட்டால் மருந்துக்கு ஒன்றாக வரைபடத்தில் மூன்று பீக்குகள் (முகடுகள்) அழகாக வந்திருக்கும். விஷம் வந்திருக்காது. நாம் வழக்கமாக வைக்கும் அலைநீளங்களில் டைஎத்திலீன் கிளைக்கால் யு.வி. (புற ஊதா) ஒளியை உறிஞ்சுவதில்லை, அதனால் டிடெக்டருக்கு அது தெரியவே தெரியாது. அதைப் பிடிக்க ஜி.சி. (பொருளை ஆவியாக்கிப் பிரிக்கும் கருவி) மாதிரி வேறு வழி வேண்டும். அதைவிட முக்கியமாக, தேட வேண்டும் என்ற எண்ணம் வேண்டும்.

இந்த எண்ணம் வர 2025 வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. 1937இல் அமெரிக்காவில் இதே விஷம் நூறு பேருக்கு மேல் கொன்றது. 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினில் கலந்து வந்து 14 பேர் இறந்தார்கள், லென்டின் கமிஷன் விசாரித்தது. 2022இல் ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் குழந்தைகள். 1937இல் கம்பெனியே அதைக் கரைப்பானாகச் சேர்த்தது, அதற்குப் பிறகு கதை ஏறக்குறைய ஒன்றுதான். கிளிசரினோ, கரைப்பானாகச் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்காலோ தரமற்று வருகிறது. பார்வைக்கு அதே நிறமற்ற, கெட்டியான, இனிப்பான திரவம். டிரம்மைத் திறந்து சோதிக்க வேண்டியவர் சோதிக்கவில்லை. அந்த டிரம்முக்கு முன்னால் நிற்கப் போகிறவர்கள்தான் நம் மாணவர்கள்.

வயிற்று அமிலத்தைக் குறைக்கத் தந்த ரானிடிடின் மாத்திரை விஷயத்தையும் வகுப்பில் விரிவாகப் பேசுவேன். 2019இல் அதில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய என்.டி.எம்.ஏ. என்ற பொருள் இருக்கிறது என்று முதலில் மனு போட்டது அமெரிக்காவில் மாத்திரைகளைத் தானே சோதித்து விற்ற ஒரு ஆன்லைன் மருந்துக்கடை. சோதனையின்போது அவர்கள் கொடுத்த சூடே என்.டி.எம்.ஏ.வை உண்டாக்கியது, அதனால் அளவு மிக அதிகமாக வந்தது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சொன்னது. நியாயமான விமர்சனம், முறையைத் தேர்ந்தெடுப்பதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆனாலும் 2020 ஏப்ரலில் அதே எஃப்.டி.ஏ. ரானிடிடினைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. ஒரு சிறிய ஆய்வகம் கேட்ட கேள்விதான் தொடக்கம்.

சரி, நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருவோம். விளவங்கோடு, கல்குளம் பக்கம் வைத்தியசாலை இல்லாத ஊர் குறைவு. சித்தமும் வர்மமும் இங்கே தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியே இருக்கிறது. நல்ல வைத்தியர்களை நான் தலைவணங்கிப் பேசுவேன். ஆனால் பெயரில்லாமல் பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடிகளும் நம் சந்தையில் உண்டு. இப்படிப்பட்ட பொடிகளில் டெக்சாமெத்தசோன், பிரட்னிசொலோன் மாதிரி ஸ்டீராய்டுகளைக் கலப்பது நாட்டின் பல இடங்களில் பிடிபட்ட விஷயம். ரப்பர் வெட்டப் போகிற மாமாவுக்கு முட்டுவலி இரண்டே நாளில் பறந்துவிடும். அப்புறம் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், பொடியை நிறுத்தினால் எழுந்திருக்க முடியாது. எம்.பார்ம் அனாலிசிஸ் இரண்டாம் செமஸ்டரில் மூலிகை, அழகுசாதனப் பொருள் பகுப்பாய்வு என்று தனித் தாளே இருக்கிறது. அந்தத் தாளைப் படித்துவிட்டு, மூன்றாம் செமஸ்டரில் ஆய்வு தொடங்கும்போது ஏன் ஒரு பிள்ளைகூட இந்தப் பொடிகளைக் கையில் எடுப்பதில்லை? கலப்படம் செய்கிறவன் பிடிபட்டால் முதலில் பலன் பெறுவது நேர்மையான வைத்தியர்தான்.

செலவைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது. ஸ்டீராய்டைச் சந்தேகிக்க ஒரு டி.எல்.சி. தகடும் (கலவையைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் பூச்சுத் தகடு) ஒரு யு.வி. விளக்கும் போதும், உறுதி செய்யத்தான் பெரிய கருவி. டைஎத்திலீன் கிளைக்காலுக்கும் உலக சுகாதார நிறுவனம் முதலில் டி.எல்.சி., பிறகு ஜி.சி. என்று இரண்டு படியாகவே முறை வகுத்திருக்கிறது. முதல் படியைச் செய்ய முடியாத எம்.பார்ம் கல்லூரி இருக்க முடியாது.

இரண்டு பருவமழையும் பெய்கிற ஈரப்பதமான மாவட்டம் வேறு. ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்தால் வினிகர் வாசம் வருவது ஈரம் பட்டு மருந்து சிதைவதால்தான். நம் ஊர் அலமாரிகளில் ஒரு மழைக்காலம் கிடந்த மாத்திரை என்ன ஆகிறது என்பதும் நல்ல தலைப்பு.

பெற்றோர் கேட்பது வேறு. "சாரே, பார்மசி படிச்சா கடை போடலாம், இத படிச்சா என்ன கிட்டும்?" வேலை கிடைக்கும். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, வெளியூர் போக வேண்டியிருக்கும், ஷிப்ட் இருக்கும், இதை மறைக்கக் கூடாது. எம்.பார்முக்கான தேசியத் தேர்வான ஜிபேட் எழுதித் தேறினால் படிக்கும்போது மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. முதுநிலைப் பட்டத்தோடு மருந்துச் சோதனையில் மூன்று வருட அனுபவம் இருந்தால் அரசுப் பகுப்பாய்வாளர் பதவிக்கான தகுதியும் வந்துவிடும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940இன் 26ஆம் பிரிவின்படி, தான் வாங்கிய மருந்தை எந்தப் பொதுமகனும் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை கேட்கலாம். கல்லூரி ஆய்வில் சந்தேகம் வந்த சிரப் மாதிரி மருந்தை இந்த வழியில் அனுப்பினால் அரசு அறிக்கையே கையில் கிடைக்கும்.

அதனால் இந்த வருடம் தலைப்புக் கொடுக்கப் போகும் ஆசிரியர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஒரு கல்லூரியில் ஒரே ஒரு மாணவருக்காவது வேலிடேஷனை ஓரமாக வைத்துவிட்டு இருமல் சிரப்பையோ மூட்டுவலிப் பொடியையோ கொடுங்கள். "இல்லை" என்று முடிவு வந்தாலும் அதை ஆய்வேடாக ஏற்றுக்கொள்ளுங்கள். "பீக் வரவில்லை சார்" என்று தயங்கி நிற்கும் பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.