எங்கேதான் போகிறது இந்தத் தண்ணீர்?
மூன்று மாதமாகத் தண்ணீர் பில் ஏறிக்கொண்டே போகிறது. வீட்டில் அதே ஆட்கள், அதே குளியல், அதே துவையல், ஆனாலும் யார் குழாயைத் திறந்து விட்டது என்று ஒருவரையொருவர் குறை சொன்னதுதான் மிச்சம். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தால் அதிலிருக்கும் சின்னச் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வயிறு எரிந்தது! சுவரெல்லாம் தடவி ஈரம் தேடி ஓய்ந்த பிறகு, ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் கலர் கலந்து அரை மணி நேரம் யாரையும் உள்ளே விடாமல் வைத்திருந்தேன். சரி, கழிவறைக் கோப்பைக்குள் கலர் இறங்கியிருந்தது. டேங்க் அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்து, சத்தமே இல்லாமல் ராப்பகலாக ஒழுகியிருக்கிறது. மாற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை நாள் நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போனதுதான் மனசு ஆறவில்லை.