வார்டில் பணிபுரிந்த பெய்லி

குழந்தைகள் மருத்துவமனைக்கு நாயை அழைத்துவருவது என்றதும், அதைப் பண்டிகை நாளில் பொம்மையும் பழமும் கொடுத்துவிட்டுப் போகிற நற்பணியோடு சேர்த்துவிடுகிறவர்களையே அதிகம் பார்க்கிறேன். முறையான பயிற்சி பெற்று, நாள்தோறும் வார்டுக்கு வரும் நாய் அங்குள்ள ஊழியர்களில் ஒருவர் என்பதும், அதற்காகும் செலவு சிகிச்சைச் செலவில் சேரவேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

பெய்லி என்ற கோல்டன் ரெட்ரீவர் இன நாயை மனத்தில் வைத்தே இதைச் சொல்கிறேன். ஹவாயில் பயிற்சி பெற்ற பெய்லி, 2010இல் ஜப்பானின் ஷிசுவோகா குழந்தைகள் மருத்துவமனையில் பணிக்குச் சேர்ந்தது. அந்த நாட்டில் ஒரு மருத்துவமனைக்கென்றே இருந்த முதல் நாய் அதுதான். அதைக் கொண்டுவந்த 'ஷைன் ஆன் கிட்ஸ்' அமைப்பு, தங்கள் மகனை ரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பெற்றோர் 2006இல் தொடங்கியது. 2012இல் யோகோஹாமாவிலுள்ள கனகாவா குழந்தைகள் மருத்துவ மையத்துக்கு மாறிய பெய்லி, 2018இல் ஓய்வுபெறும்வரை அங்கேயே பணியாற்றியது.

பெய்லியின் கயிற்றைப் பிடித்திருந்தவர் ஒரு செவிலியர் என்பதுதான் இதில் முக்கியமானது. எந்தக் குழந்தைக்கு இன்று எலும்பு மஜ்ஜை எடுக்கிறார்கள், யார் மாத்திரையை விழுங்க மறுக்கிறார்கள், அறுவைக்குப் பின் எந்தக் குழந்தை எழுந்து நடக்க அஞ்சுகிறது என்பதெல்லாம் தெரிந்த ஒருவர், மருத்துவர்களோடு பேசி முடிவுசெய்து, வேண்டிய கட்டிலுக்கு வேண்டிய நேரத்தில் நாயை அழைத்துச்செல்கிறார். அறுவை அரங்குக்குப் போகும் வழியில் பெய்லி உடன் நடந்தது. மரணத்தை நெருங்கிய குழந்தைகளின் பக்கத்திலும் படுத்திருந்தது.

என் மகள் ஐந்து வயதில் சில வாரங்கள் மருத்துவமனையில் இருந்தாள். கதவு திறக்கும் ஓசை கேட்டாலே கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வாள். உள்ளே வந்த பெரியவர்கள் எல்லாரும் அவள் உடம்பில் எதையாவது செய்வதற்கே வந்தார்கள். மருந்து ஊட்டிய நானும் அவர்களில் ஒருத்தி. அவளிடம் எதையும் கேட்காமல், எதையும் செய்யாமல் பக்கத்தில் வந்து படுக்கிற ஓர் உயிர் அந்த அறைக்குள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இதன் பலனை மிகைப்படுத்த எனக்கு விருப்பமில்லை. நாய் புற்றுநோயைக் குணமாக்குவதில்லை. அமெரிக்காவில் ஐந்து மருத்துவமனைகளில், புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட குழந்தைகளிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், நாய் வந்துபோன குழந்தைகளுக்கும் வராத குழந்தைகளுக்கும் பதற்றத்தில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. பெற்றோரின் மன அழுத்தம்தான் குறைந்திருந்தது. அதை நான் சிறிய பலனாகக் கருதவில்லை. இரவெல்லாம் நாற்காலியில் விழித்திருக்கும் தாயின் முகத்தைப் பார்த்துத்தான் குழந்தை தன் நிலையை அறிகிறது.

தொற்று பற்றிய அச்சம் நியாயமானது. அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாயோடு அதிக நேரம் நெருங்கியிருந்த குழந்தைகளிடம் எளிதில் மருந்துக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. பாக்டீரியா பரவும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டார்கள். வருகைக்கு முன் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பூவால் நாயைக் குளிப்பாட்டி, வருகையின்போதும் அவ்வப்போது அதே மருந்தில் நனைத்த துணியால் துடைத்தபோது அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்தது. நாயைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கைகழுவுவதும் அவசியம். இத்தனையையும் ஒழுங்காகச் செய்வதற்கு ஆளும் பயிற்சியும் வேண்டும். விடுமுறை நாளில் வந்துபோகும் தன்னார்வலரின் நல்ல மனத்தை மட்டும் நம்பி இதை நடத்த முடியாது.

நாயின் நலனும் இதில் அடங்கும். அழுகையும் வலியும் நிறைந்த அறைகளில் பொழுதெல்லாம் இருப்பது எந்த உயிருக்கும் பாரம். பெய்லி இடையிடையே ஓய்வெடுத்தது, மாலையில் தன் செவிலியரின் வீட்டுக்குப் போனது, முதுமை வந்ததும் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது. நாயை ஊழியராக மதிக்கிற இடத்தில்தான் அதற்கு ஓய்வு நேரமும் ஓய்வு வயதும் கிடைக்கும்.

இவ்வளவு நடந்தும், ஜப்பானில் இந்தப் பணிக்கு மருத்துவக் காப்பீடு பணம் தருவதில்லை. பயிற்சி, உணவு, கால்நடை மருத்துவம், உடன் இருப்பவரின் ஊதியம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் நன்கொடையையே எதிர்பார்க்கவேண்டியிருக்கிறது. மயக்க மருந்துக்கு எந்த மருத்துவமனையும் உண்டியல் வைப்பதில்லை. குழந்தையின் அச்சத்தைத் தணிக்கும் இந்தப் பணிக்கு மட்டும் ஏன் வைக்கவேண்டும்?