ரிப்போர்ட் அடித்தால் என்ன ஆகும்?

போன மாசம் வாஷிங் மெஷின் ரிப்பேர். அம்மா கஸ்டமர் கேர் நம்பரை இணையத்தில் தேடி, முதலில் வந்ததற்குப் போன் போட்டிருக்கிறார். எதிர்முனையில் ஒருவன், தேன் தடவின தமிழில், "பத்து ரூபாய் மட்டும் கட்டிப் பதிவு பண்ணுங்கம்மா, லிங்க் அனுப்புறேன்" என்றிருக்கிறான். லிங்க் என்றாலே அம்மாவுக்குப் பயம். போனை வைத்துவிட்டார். நான் வருஷக்கணக்கில் சொன்ன அறிவுரை எதுவும் காப்பாற்றவில்லை, அந்தப் பயம்தான் காப்பாற்றியது.

அந்த நம்பர் இருந்த பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். மோசடிக்காரனின் தளமே இல்லை அது. வடமாநிலக் கல்லூரி ஒன்றின் தளம். மாணவர்கள் விண்ணப்பம் ஏற்றுகிற இடத்தில் எவனோ ஒரு பிடிஎஃப்பை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறான். கல்லூரி முகவரி ஆச்சே, தேடுபொறியும் மரியாதையாக மேலே தூக்கி வைத்திருக்கிறது. ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் கடை போட்டுத் திருட்டுச் சாமான் விற்கிற கதை.

இது மோசடிப் பக்கம் என்று தேடுபொறியான கூகுளுக்கு ரிப்போர்ட் அடித்தேன். மூன்று வாரம் ஆகியும் பக்கம் அப்படியே இருந்தது.

"அதெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க" என்பார்கள். அப்படியும் சொல்லிவிட முடியாது. 2019-இல் ஸ்பாம் (தேடுபொறியை ஏமாற்றி மேலே வரப் பார்க்கும் குப்பைப் பக்கங்கள்) பற்றி ஏறக்குறைய 2.3 லட்சம் புகார்கள் வந்தன, பரிசீலித்தவற்றில் 82 சதவீதத்தின் மேல் நடவடிக்கை எடுத்தோம் என்று கூகுளே கணக்குக் காட்டியது. பரவாயில்லையே என்று தோன்றும். அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது: தினமும் கண்ணில் படுகிற ஸ்பாம் பக்கங்கள் 2,500 கோடிக்கும் மேல். வருஷம் முழுக்க உலகமே சேர்ந்து கொடுத்த புகார் 2.3 லட்சம்தான்! அதனால்தான் புகார்களைப் பெரும்பாலும் ஸ்பாமைக் கண்டுபிடிக்கும் மென்பொருளைத் தீட்டவே பயன்படுத்துவதாக அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நாம் எஃப்ஐஆர் போட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அவர்கள் மோப்ப நாய்க்குக் காட்டத் துணி வாங்கிக்கொள்கிறார்கள்.

உடனடி நடவடிக்கை வேறு மாதிரி நடக்கும். அமெரிக்காவில் ஜே.சி.பென்னி என்ற பெரிய கடைக்கு, சம்பந்தமே இல்லாத தளங்களில் ஆயிரக்கணக்கான இணைப்புகள் விதைக்கப்பட்டிருந்தன. நிறைய தளங்கள் இணைப்புக் கொடுத்தால் பெரிய இடம் என்று நினைத்துத் தேடுபொறி மேலே ஏற்றும். உடை, படுக்கை விரிப்பு என்று எதைத் தேடினாலும் அந்தக் கடைதான் முன்னால் நின்றது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை ஆதாரத்தோடு கேட்ட கையோடு கூகுள் அதைக் கீழே தள்ளியது. அதற்கு முன்பே மூன்று தடவை அந்தத் தளத்தின் விதிமீறலைக் கூகுள் பிடித்திருந்ததாம். நாலாவது தடவை கேட்டது பத்திரிகை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நமக்காக எந்தப் பத்திரிகை எழுதப்போகிறது? அதனால் திண்ணைக்காரரிடமே போனேன். கல்லூரி முதல்வருக்கும் தளத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் மெயில். பக்கத்தின் முகவரி, ஸ்கிரீன்ஷாட், "உங்கள் தளத்தை வைத்து மக்களை ஏமாற்றுகிறார்கள்" என்று ஒரு வரி. இரண்டே நாளில் பிடிஎஃப் காணோம். பதில் மெயில் எதுவும் வரவில்லை, வேண்டியதுமில்லை. (பணம் போயிருந்தால் மெயில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.)

தேடுபொறிக்கு ரிப்போர்ட் அடிப்பதையும் நான் விடவில்லை. அரை நிமிஷ வேலை, நாய்க்கு மோப்பம் பழகட்டும்.

நேற்று அதே நம்பர் வேறொரு பல்கலைக்கழகத் தளத்தில் முளைத்திருந்தது. பழைய மெயிலை எடுத்து, பெயரை மாத்திரம் மாற்றி அனுப்பியிருக்கிறேன். அம்மா வாரன்டி கார்டைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார்.