நேர்வாளமும் மெயின் ரோட்டுக் காற்றும்

அத்தைக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்ததும் பார்க்க வந்தவர்களெல்லாம் குரலைத் தாழ்த்திக் கேட்டது ஒன்றுதான்: "மாமா சிகரெட் பிடிப்பாரோ?" மாமா வெற்றிலைகூடப் போடமாட்டார். வீடு மெயின் ரோட்டை ஒட்டிய முதல் மாடி. காலையில் துடைத்த ஜன்னல் கம்பியைச் சாயங்காலம் தொட்டால் விரலில் கறுப்பாக மை அப்பும். அதை ஒருத்தரும் கேட்கவில்லை.

பயாப்சி மாதிரியில் செல் வளர்ச்சியைத் தூண்டும் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. புகைபிடிக்காதவர்களிடம், குறிப்பாக ஆசியப் பெண்களிடம் அதிகம் காணப்படுவது இது.

புகை டிஎன்ஏவைக் கெடுக்கும், கெட்டுப்போன செல் பெருகும் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். தப்பில்லை, புகையில் இருக்கும் பென்சோபைரீன் என்ற வேதிப்பொருளை உடம்பு வெளியேற்றப் பார்க்கும்போது அதுவே உருமாறி டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான குவானினில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் காற்றுத் தூசு அந்த வேலையைச் செய்தே ஆகவேண்டும் என்றில்லை. லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தின் சார்லஸ் ஸ்வான்டன் குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வில், 295 பேரின் புற்று இல்லாத நுரையீரல் திசுவைப் பார்த்ததில் 18 சதவீதத்தில் ஏற்கெனவே ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருந்தது. வயதாக ஆக இப்படிச் சில செல்கள் சேர்ந்துவிடும், பெரும்பாலும் சும்மா கிடக்கும். பிஎம் 2.5 என்கிற மிக நுண்ணிய காற்றுத் தூசு உள்ளே போனதும் அதை விழுங்க வரும் மேக்ரோபேஜ் செல்கள் அழற்சியைத் தூண்டும் இன்டர்லியூக்கின்-1 பீட்டா என்ற புரதத்தைச் சுரக்கின்றன, அந்த அழற்சியில்தான் சும்மா கிடந்த செல் முழித்துக்கொள்கிறது. எலிகளில் இன்டர்லியூக்கினைத் தடுத்தபோது கட்டி குறைந்தது.

இது புது யோசனையும் இல்லை. 1940-களில் ஐசக் பெரன்பிளம் என்ற புற்றுநோய் ஆய்வாளர் எலித் தோலில் புற்று உண்டாக்கும் பொருளைக் கொஞ்சமாகத் தடவி, அப்புறம் க்ரோட்டன் எண்ணெயைத் திரும்பத் திரும்பத் தடவிக் கட்டி வரவைத்தார். அந்த எண்ணெய் வேறெதுவுமில்லை, நம் சித்த வைத்தியர்கள் சுத்தி செய்து பேதிக்குக் கொடுக்கும் நேர்வாளக் கொட்டையின் எண்ணெய்தான்! தனியாகத் தடவினால் பெரிதாக ஒன்றும் செய்யாது, எரிச்சல்தான்; ஏற்கெனவே கெட்ட செல் இருந்தால் அதைத் தூண்டிவிடும், காற்றுத் தூசு போலவே.

அத்தைக்கு ரோட்டுத் தூசால்தான் வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பிஎம் 2.5-க்கு வைத்த ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், இந்தியாவின் வரம்பு 40. எட்டு மடங்கு தூசைச் சட்டமே "பரவாயில்லை" என்கிறபோது, மாமாவின் சட்டைப் பையில் தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பது எனக்கு அசிங்கமாகப் படுகிறது.

போன ஞாயிறு வந்த பெரியப்பாவும் அதையேதான் கேட்டார். அத்தை பதில் சொல்லாமல் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டார்.