யாரைக் கேட்டு ஆன் பண்ணினீர்கள்?

இன்று காலை அத்தான் போன் செய்கிறார். எடுத்ததும் முதல் வார்த்தை: "பிள்ளே, இப்ப ஒண்ணு போட்டுப் பாத்தியா? காஞ்சிருக்கும்லா?"

இவர் காப்பி கொட்டிக் கெட்டுப்போன என் லேப்டாப்புக்காக நாலு நாளாக நாகர்கோவிலுக்கும் தக்கலைக்கும் அலைகிறேன். இவர் இன்னும் போட்டுப் பார்க்கத்தான் சொல்கிறார். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை. அக்காவின் வீட்டுக்காரர், வயதில் பெரியவர், எடுத்தெறிந்து பேச முடியாது. "இல்ல அத்தான், கடையில கெடக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவரிடம் சொல்ல முடியாததை எல்லாம் இங்கே கொட்டுகிறேன்.

காப்பி கொட்டியதற்கு எனக்குக் கோபம் இல்லை. கை தட்டும், டம்ளர் சரியும். ஆள் நடமாடுகிற வீட்டில் அது நடக்கும். என் வயிறு எரிவது அதற்கு அப்புறம் நடந்த ஐந்து நிமிடத்துக்காக. அந்த ஐந்து நிமிடமும் யாராவது ஒருத்தர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தால் போதும், இன்று நான் இதை என் லேப்டாப்பிலேயே எழுதிக்கொண்டிருப்பேன்.

19ஆம் தேதி சாயங்காலம். ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கிறவர்களுக்கு 19 என்றால் என்னவென்று தெரியும். மறுநாள் 3பி என்கிற மாதக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். என் கையில் 14 கடை, 9 முடிந்திருந்தது. காலையிலிருந்து ஆனிச் சாரல் விடவேயில்லை. கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பேட்டரியில் 60 சதவீதம் இருக்கிறது, அதற்குள் இன்னும் இரண்டை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். அக்காவும் அத்தானும் ஒரு சக்கைப்பழத்தோடு வந்தார்கள். அம்மா எல்லாருக்கும் சுக்குக் காப்பி போட்டாள், கருப்பட்டியைத் தாராளமாகத் தட்டிப் போட்டு. நான் என் டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்துக் குடிக்கிற ஆள். மேஜைக்குக் கொண்டுவரவே மாட்டேன். இத்தனை வருஷமும் அப்படித்தான்.

பின்பக்கச் சாய்ப்பில் கிடந்த துணியில் சாரல் அடிக்கிறது என்று அம்மா கூப்பிட்டாள். போனேன். அவ்வளவுதான் நான் செய்தது. துணி எடுக்கப் போனேன்.

மீதியை அக்கா மகள் சொன்னாள். ஏழாம் வகுப்புப் படிக்கிறாள், ஒன்று விடாமல் பார்த்திருக்கிறாள். அத்தான் போனில் சார்ஜ் இல்லை. கரண்டும் இல்லை. என் லேப்டாப்பில் ஒயரைச் செருகி, போனைப் பக்கத்தில் வைத்து, காப்பி டம்ளரை அதற்கும் பக்கத்தில் வைத்து, என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். யாரோ கூப்பிட்டதும் போனை ஒயரோடு சேர்த்து இழுத்திருக்கிறார். ஒயர் டம்ளரில் மாட்டி, முழு டம்ளரும் கீபோர்டில்.

அப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்து, திறந்தபடியே குப்புறக் கவிழ்த்து, கீபோர்டு கீழே பார்க்கும்படி கூடாரம் மாதிரி நிறுத்தி வைத்திருந்தால், உள்ளே போனதில் பாதி வந்த வழியே வெளியே வந்திருக்கும். அதற்குப் படிப்பு வேண்டாம். சோற்றுப் பானையை வடிக்கத் தெரிந்த எவருக்கும் தெரிகிற காரியம் அது. என்னை ஒரு சத்தம் கூப்பிட்டிருக்கலாம். சாய்ப்பு இருபது அடிகூட இல்லை.

என்ன செய்தார்? தோளில் கிடந்த தோர்த்தை எடுத்துத் துடைத்திருக்கிறார். அழுத்தித் துடைத்தால் காப்பி எங்கே போகும்? பட்டனுக்கு அடியில் போகும். துடைக்க வசதியாக லேப்டாப்பைத் திரைப் பக்கமாகச் சரித்துப் பிடித்திருக்கிறார். அந்தப் பக்கம் விசிறி, காற்றுத் துவாரம், அதற்குள்ளே சிப்பெல்லாம் இருக்கிற மெயின் போர்டு. திரை ஒரு தடவை மின்னி அணைந்துவிட்டது.

அதுவே அணைந்துவிட்டது! அப்படியே விட்டிருக்கலாம் அல்லவா?

ஆன் பண்ணியிருக்கிறார். வெளிச்சம் வந்திருக்கிறது, போய்விட்டது. மறுபடி. வெளிச்சம் வரவில்லை, விசிறி மட்டும் சுற்றியிருக்கிறது. மூன்றாவது தடவை. ஒன்றுமில்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. "சார்ஜ் தீந்திருக்கும்" என்று சொல்லி, காப்பி சொட்டிக்கொண்டிருந்த லேப்டாப்பில் சார்ஜரைச் செருகி சுவிட்சைப் போட்டிருக்கிறார். நான் துணிக்குவியலோடு உள்ளே வரும்போது நாலாவது தடவையாக அந்தப் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்னார், "ஒண்ணும் ஆவல பிள்ளே, நான் போட்டுப் பாத்தேன், வெளிச்சம் வந்துது."

வெளிச்சம் வந்ததே அந்த வெளிச்சம்தான் என் போர்டை எரித்தது. ஈரமான சுவிட்ச் போர்டில் கை வைக்காதே என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். லேப்டாப்புக்குள்ளும் கரண்ட்தான் ஓடுகிறது என்பது மட்டும் ஏன் ஒருவருக்கும் தோன்றுவதில்லை? வெறும் தண்ணீரே உப்பும் தாதுவும் கலந்தது, கரண்டைக் கடத்தும். சுக்கும் கருப்பட்டியும் கரைந்த காப்பி அதைவிட மோசம். ஈரத்தோடு கரண்ட் கொடுத்தால், சேரக்கூடாத இரண்டு இடங்களைக் காப்பி சேர்த்துவிடும். நொடியில் ஒரு சிப் போகும். தப்பித்தாலும், கரண்ட் இருக்கிறவரை போர்டில் உள்ள செம்பு அரித்துக்கொண்டே இருக்கும். அணைத்து வைத்தாலும் பேட்டரி உள்ளே இணைந்துதான் இருக்கிறது. அதனால்தான் பின்மூடியைக் கழற்றி முதலில் பேட்டரி இணைப்பை எடுக்கச் சொல்கிறார்கள். என் லேப்டாப்பின் பின்மூடியில் பத்து ஸ்குரூ. அந்தச் சின்ன ஸ்குரூடிரைவர் வீட்டில் இல்லை, கொட்டுகிற மழையில் கடைத்தெருவும் அடைத்துக் கிடந்தது.

சார்ஜரைப் பிடுங்கினேன். மேஜை ஓரத்தில் காய்ந்த துணியை விரித்து, குப்புறக் கவிழ்த்து நிறுத்தினேன். "யாரும் தொடாதீங்க" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். வாசலுக்குப் போய் ஐந்து கடைக்காரர்களுக்கும் போன் செய்தேன், நாளைக்கு ராத்திரி வரை ஓ.டி.பி. கேட்டுக் கூப்பிடுவேன், போனைப் பக்கத்தில் வைத்திருங்கள் என்று. கால் மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பி வந்தால் லேப்டாப் மேஜையில் இல்லை.

அரிசிப் பானையில் இருந்தது.

சம்பா அரிசிக்குள் பாதி புதைந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது, அம்மா மேலே இன்னும் இரண்டு படி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். "மக்கா, அரிசி தண்ணிய இழுத்துரும்." யார் சொன்னது? பக்கத்து வீட்டில் போனுக்கு அப்படித்தான் செய்தார்களாம். எல்லா வீட்டிலும் இதையேதான் சொல்கிறார்கள். அரிசி பக்கத்தில் இருப்பதால் மூடிய போர்டுக்கு அடியில் இருக்கிற ஈரம் எழுந்து நடந்து வராது. அரிசித் தூளும் தவிடும் துளைகளுக்குள் போகும், அவ்வளவுதான். நனைந்த போனை அரிசியில் போடாதீர்கள், துகள் உள்ளே போய்க் கெடுத்துவிடும் என்று 2024இல் ஆப்பிளே எழுதி வைத்தது. போனுக்கே அந்தக் கதி என்றால், காற்றுத் துவாரம் திறந்து கிடக்கிற லேப்டாப்புக்கு? மறுநாள் பழுது பார்க்கிற கடைத் தம்பி அதற்குள்ளிருந்து இடுக்கியால் நாலு அரிசி எடுத்தான். நாலு சம்பா அரிசி, ஈரத்தில் ஊதிப்போய்.

அப்புறம் "ரெண்டு நாள் காய வை" கூட்டம். எங்கே காய வைப்பது? ஆனி மாதம் எங்கள் ஊரில் உள்பாவாடை காய மூன்று நாள் ஆகிறது. கட்டில் தலைமாட்டில் கிடக்கிற தீப்பெட்டி நமுத்துப்போகிறது. இந்தக் காற்றில் லேப்டாப் காயுமா? தண்ணீர் ஒருவேளை காய்ந்தாலும் கருப்பட்டி காயாது. ஒட்டும். ஒட்டின இடம் மறுபடி ஈரத்தை இழுக்கும். கருப்பட்டிப் பாத்திரத்தைக் கழுவாமல் இரண்டு நாள் வைத்துவிட்டு, காய்ந்துவிட்டது என்று அதில் பால் காய்ச்சுவோமா? அதைத் திறந்து கழுவத்தான் வேண்டும்.

20ஆம் தேதி காலையில் முதல் வேலையாக நாகர்கோவில், கம்பெனி சர்வீஸ் சென்டர். அங்கே இருந்தவர் மூடியைத் திறந்தார், உள்ளே ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைப் பார்த்தார். வெள்ளையாக இருக்க வேண்டியது, ஈரம் பட்டால் சிவப்பாகும். சிவந்திருந்தது. திரும்ப மூடினார். "லிக்விட் டேமேஜ், வாரண்டியில் வராது. போர்டு மாத்தணும், 41,000." வாங்கின விலையே 58,000, இன்னும் ஐந்து தவணை பாக்கி. கழுவிப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அதெல்லாம் இங்கே செய்வதில்லையாம். பார்த்ததற்கு 590 ரூபாய் வாங்கினார்கள். கெட்டுப்போன பொருளைப் பழுது பார்க்கிற இடத்துக்குத்தானே வந்தோம்? ஒரு சொட்டு மருந்துகூடத் தொடாமல், ஒரு ஸ்டிக்கரை மட்டும் பார்த்து இறந்துவிட்டது என்று சொல்வதற்கு எதற்கு அத்தனை பெரிய பலகை, ஏ.சி., டோக்கன்?

மணிமேடைப் பக்கம் மாடியில் ஒரு சின்னக் கடை. அந்தத் தம்பி இருக்கச் சொன்னான், பேட்டரியை முதலில் கழற்றினான், போர்டை வெளியே எடுத்து என்னிடமே காட்டினான். கீபோர்டு இணைப்புக்குப் பக்கத்தில் பச்சை பூத்திருந்தது. ஒரே ராத்திரியில் செம்பு பச்சை பூத்திருக்கிறது! ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்கிற கழுவுகிற திரவத்தை ஊற்றி பிரஷால் தேய்க்கத் தேய்க்க, பழுப்பு நிறத்தில் கருப்பட்டி கரைந்து வந்தது. சுக்கு வாசனைகூட அடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தேய்த்துக்கொண்டே கேட்டான், "அக்கா, கொட்டின பிறகு போட்டுப் பாத்தீங்களா?" நாலு தடவை என்றேன். சார்ஜரும் போட்டது என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னான், போடாமல் இருந்திருந்தால் கீபோர்டு மட்டும் மாற்றினால் போதும், மூவாயிரத்துச் சொச்சத்தில் முடிந்திருக்கும் என்று. இப்போது சார்ஜிங் பக்கத்து சிப் ஷார்ட் ஆகிக் கிடக்கிறது. அது கிடைத்து, மாற்றி, உயிர் வந்தால் உண்டு. கீபோர்டோடு சேர்த்து 9,500 சொல்லியிருக்கிறான். தருகிறேன்.

ஃபைலெல்லாம் இருக்கிற எஸ்.எஸ்.டி. மட்டும் நல்லபடியாக இருந்தது. அதைத் தனியே கழற்றி ஒரு கேஸில் போட்டுக் கொடுத்தான். டேலி சாப்ட்வேரில் போட்ட கணக்கு எல்லாம் அதில்தான். வீட்டுக்கு வந்து, என் தம்பிக்குப் பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்தேன். அதற்குப் பேட்டரி செத்து ரொம்ப நாள், கரண்ட் இருந்தால்தான் ஓடும். அன்றைக்கு இரண்டு தடவை கரண்ட் போனது. இரண்டு தடவையும் முதலிலிருந்து. கடைசியாக ஒரு ரப்பர் ஷீட் கடைக்காரர் தூங்கிப்போய், அவர் மனைவியை எழுப்பி ஓ.டி.பி. வாங்கி அனுப்பும்போது ராத்திரி 11.20. தாமதமானால் நாளைக்கு 50 ரூபாய், கட்ட வேண்டிய வரிக்கு 18 சதவீத வட்டி. அதை அந்தக் கடைக்காரரிடம் எந்த முகத்தோடு கேட்பேன்? எங்கள் அத்தான் காப்பி கொட்டினார், நீங்கள் கட்டுங்கள் என்றா?

இதில் ஒரு தடவைகூட அவர் வாயிலிருந்து "தப்பாயிட்டு" என்று வரவில்லை. அன்றைக்கு ராத்திரி சக்கைப்பழம் அறுத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். அந்தக் காலி டம்ளர் என் மேஜையிலேயே இருந்தது. அதையும் நான்தான் எடுத்துக் கழுவினேன்.

இன்னொன்று. 20ஆம் தேதி காலையில் தக்கலையிலிருந்து ஏறின பஸ்ஸில் இடப்பக்கம் நாலாவது சீட்டு ஜன்னலுக்கு ஷட்டர் கிடையாது. கம்பி மட்டும்தான். வில்லுக்குறி தாண்டினதும் சாரல் நேராக மடியில். நின்றுகொள்ளவும் இடம் இல்லை. ஏற்கெனவே நனைந்து செத்துக் கிடக்கிற லேப்டாப்பைப் பைக்குள் வைத்து, பையைத் துப்பட்டாவுக்குள் வைத்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்வதிபுரம் வரை குனிந்தே இருந்தேன். முதுகு முழுக்க ஈரம். கண்டக்டரிடம் சொன்னேன், எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்றார். வருஷத்துக்கு இரண்டு பருவமழை பெய்கிற மாவட்டத்தில் ஓடுகிற பஸ்ஸுக்கு ஒரு ஷட்டர் மாட்ட எத்தனை நாள் வேண்டும்? இன்றைக்குச் சிப் வந்ததா என்று கேட்கக் கடைக்குப் போனேன். அதே பஸ். அதே ஜன்னல். இன்னும் மாட்டவில்லை.