பழைய கிரிட்டும் ஏழு பேரும்

மாங்காய் சீசன் தொடங்கிவிட்டால் கிருஷ்ணகிரியில் எனக்கு போன் ஓயாது. மண்டிகளுக்கு பில் புரோகிராம் எழுதிக் கொடுத்து வயிறு கழுவுகிறவன் நான். போன வாரம் ஒரு மண்டிக்காரர் கூப்பிட்டார்.

"தம்பி, தோட்டக்காரங்க பேரு வாட்ஸ்ஆப்ல தமிழ்ல அழகா வருது. அதையே எடுத்து நம்ம பில்லுல போட்டா பூரா கேள்விக்குறியா நிக்குது."

"அது அப்படித்தாண்ணா" என்றேன். வேறென்ன சொல்ல?

பெங்களூரா எத்தனை டன், செந்தூரா எத்தனை, கழிவு, சுமைக்கூலி, கமிஷன் எல்லாம் தட்டுகிற அந்தக் கட்டம் கட்டமான கிரிட் நான் எழுதியதல்ல. விபி 6 (மைக்ரோசாஃப்டின் பழைய விஷுவல் பேசிக்) காலத்தில் காசு கொடுத்து வாங்கிய ஓசிஎக்ஸ், அதாவது நம் புரோகிராமில் அப்படியே சொருகிக்கொள்கிற ரெடிமேட் பாகம். எல்லா மொழி எழுத்தும் அடங்கிய யூனிகோடு அதற்குத் தெரியாது. விண்டோஸின் பழைய எழுத்துப் பட்டியல்களில் ரஷ்ய மொழிக்கு இடம் உண்டு, தாய்லாந்து மொழிக்கு உண்டு, தமிழுக்குக் கிடையாது. அதனால்தான் கேள்விக்குறி. இத்தனை வருஷம் ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் காட்டுகிற பாமினி ஃபாண்டை வைத்து ஒப்பேற்றினோம். சோர்ஸ் (அந்தக் கிரிட்டை எழுதிய மூல வரிகள்) கையில் இருந்தால் நாலு ராத்திரி உட்கார்ந்து சரிசெய்துவிடுவேன். விற்ற கம்பெனியோ இரண்டு கை மாறிவிட்டது. மெயில் போட்டால், அந்தப் பொருளை நிறுத்தியாச்சு என்று ஒற்றை வரி.

உடனே நம் ஆட்கள் திட்டிப் பதிவு போடுவார்கள். திட்டி வேலைக்காகாது. விபி 6-ஐக் கைவிடாதே என்று 2005-ல் மைக்ரோசாஃப்டுக்கு மனுவே போனது. 2008 ஏப்ரலில் ஆதரவு முடிந்தேவிட்டது. அதே மைக்ரோசாஃப்ட் 2018 டிசம்பரில் விண்டோஸ் திரைகள் கட்ட உதவும் வின்ஃபார்ம்ஸ், டபிள்யூபிஎஃப் இரண்டின் சோர்ஸையும், எவரும் எடுத்து மாற்றலாம் என்கிற எம்ஐடி உரிமத்தில் திறந்துவிட்டது. அவர்களுடைய புது புரோகிராம் தளமான டாட்நெட் கோர் ஏற்கெனவே திறந்த மூலமாகியிருந்தது, இவற்றையும் அந்தப் பக்கம் கொண்டுபோவதில் அவர்களுக்கே லாபம். என் கணக்கு அதுதான்.

சோர்ஸைத் தர மறுக்கிறவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. உள்ளே அடுத்தவரிடம் லைசென்ஸ் வாங்கிய சோர்ஸும் கலந்திருக்கும். அதைப் பிரிக்க ஆள் போடணும், வக்கீலுக்கு அழணும். விற்காத சரக்குக்கு எவன் செலவு செய்வான்? கேட்கிறவன் காசோடு போகணும். 2002-ல் பிளெண்டர் என்கிற 3டி மென்பொருளை அப்படித்தான் மீட்டார்கள்: ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ வசூல், பிறகு ஜிபிஎல் என்கிற திறந்த மூல உரிமம்.

அதைவிட, லினக்ஸுக்கு டெஸ்க்டாப் செய்கிற கேடிஈ ஆட்கள் கெட்டிக்காரர்கள். அவர்கள் நம்பியிருந்த கியூட்டி என்கிற திரை கட்டும் கருவியை வைத்திருந்த ட்ரோல்டெக் கம்பெனி நன்றாக நடந்துகொண்டிருந்தபோதே, 1998-ல், எழுதி வாங்கிவிட்டார்கள்: பன்னிரண்டு மாதம் இலவசப் பதிப்பு வராமல் போனால் பிஎஸ்டி வகைத் தாராள உரிமத்தில் திறந்துவிடலாம். கம்பெனி நோக்கியாவுக்குப் போனது, பிறகு கியூட்டி டிஜியாவுக்குப் போனது, ஒப்பந்தமும் கூடவே போனது. நாம் அரை சென்ட் நிலத்துக்கு முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பார்ப்போம், இந்தக் கிரிட் மாதிரி கன்ட்ரோல் வாங்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு 'ஐ அக்ரீ' அமுக்குவோம். (நானும்தான்.)

இதே கிரிட்டை வைத்து ஓட்டுகிறவர்கள் தருமபுரி, ஓசூர் பக்கம் எனக்குத் தெரிந்தே ஏழு பேர். ஒரே கடிதமாக எழுதலாம் என்றிருக்கிறேன். பிராண்ட் பெயர் உங்களுக்கே, புதுப் பதிப்பும் உங்களுக்கே, நிறுத்திய அந்தக் கிரிட்டின் சோர்ஸ் மட்டும் போதும், அடுத்தவர் சோர்ஸைப் பிரிக்கிற செலவில் எங்கள் பங்கு இவ்வளவு என்று. சேருகிறவர்கள் இன்பாக்ஸுக்கு வாங்க.

மண்டிக்காரரிடமும் பங்கு கேட்டுப் பார்த்தேன்.

"மொதல்ல இந்த லோடு எறங்கட்டும் தம்பி" என்றார்.